மழை பிடித்ததில் இருந்து ஆக்ஷன் (கம்பி உயரம்) ஏறிவிட்டது, ரெக்கார்டிங்கும் 'டும் டும்': மைக்கை மாற்றவா, கிட்டாரையே மாற்றவா?

திருவான்மியூர்_வாசி:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கல்லூரியோடு விட்ட கிட்டாரைப் போன வருடம்தான் மறுபடி கையில் எடுத்தேன். மேடை ஆசையெல்லாம் கிடையாது. ராத்திரி பிள்ளைகள் தூங்கிய பிறகு கொஞ்ச நேரம் வாசிப்பது, நன்றாக வந்தால் பதிவு செய்து கல்லூரி வாட்ஸ்அப் குழுவில் போட்டு நண்பர்களைத் தொந்தரவு செய்வது, அவ்வளவுதான். வைத்திருப்பது ட்ரெட்நாட், அதாவது பெரிய உடம்பு கிட்டார். முன்பலகை மட்டும் சாலிட் (பிளை இல்லாத முழு மரம்) ஸ்ப்ரூஸ், பின்புறமும் பக்கமும் ரோஸ்வுட் என்று கடையில் சொன்னார்கள். கம்பி 12–53 தடிமன் செட்.

வாங்கியது கோடையில். அப்போது ஒரே விரலால் பல கம்பிகளை அமுக்கும் பார் கார்டெல்லாம் சிரமமில்லாமல் பிடிக்க முடிந்தது. ஐப்பசி மழை பிடித்ததில் இருந்து கம்பி, கழுத்தின் குறுக்கே பதித்திருக்கும் ஃப்ரெட்டை விட்டு மேலே போய்விட்டது, எஃப் கார்டு பிடித்தால் மணிக்கட்டு வலிக்கிறது, சத்தமும் மங்கலாகிவிட்டது. வீடு கடலுக்குப் பக்கம், பால்கனிக் கதவின் கீல் துருப்பிடித்து அடிக்கடி மாற்றுகிற வீடு என்றால் புரியும். கிட்டார் ஹாலில் சுவர்க் கொக்கியில் தொங்குகிறது. யூடியூபைப் பார்த்துவிட்டு ட்ரஸ் ராடைத் திருகலாமா என்று ஆலன் கீயோடு உட்கார்ந்திருக்கிறேன், அதற்கு முன் இங்கே ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று வந்தேன்.

ரெக்கார்டிங் தனிக் கதை. ஆபீஸ் மீட்டிங்குக்காக வாங்கிய யு.எஸ்.பி. கண்டென்சர் மைக் இருக்கிறது. கிட்டார் ஓட்டைக்கு நேராக ஒரு சாண் தள்ளி வைத்துப் பதிவு செய்கிறேன். கேட்டால் அடித்தொண்டையில் இருந்து 'டும் டும்' என்று வருகிறது. அதிலும் ஜி கார்டு அடித்தால்தான் மோசம், சி, டி எல்லாம் பரவாயில்லை. ஃபேன் சத்தம் வேறு. நேரில் கேட்டால் நன்றாகத்தான் இருக்கிறது என்கிறாள் மனைவி. அவள் எனக்காகப் பொய் சொல்கிற ஆள் இல்லை.

நல்ல மைக்கும் அதைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸும் வாங்குவதா, கிட்டாரிலேயே ஒலியைப் பிடிக்கும் பிக்கப் பொருத்தி நேரே கம்ப்யூட்டரில் செருகிவிடுவதா, இல்லை கிட்டாரையே மாற்றுவதா? சிங்கப்பூரில் இருக்கும் மச்சான் பொங்கலுக்கு வருகிறார், முழுக்க சாலிட் மரத்தில் ஒன்று வாங்கி வருகிறேன் என்கிறார். ரோஸ்வுட் கிட்டாரை விமானத்தில் கொண்டு வந்தால் பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்று ஆபீஸில் ஒருவர் பயமுறுத்துகிறார். உண்மையா?


ஆறுகம்பி:

முதலில் அந்த ஆலன் கீயைக் கீழே வையுங்கள்.

ட்ரஸ் ராட் என்பது கழுத்துக்குள் ஓடும் இரும்புக் கம்பி, கழுத்தின் வளைவைச் சரிசெய்வதற்கு மட்டும் இருப்பது. ஆக்ஷன் ஏறினால் உடனே அதைத் திருகு என்று சொல்லும் வீடியோக்களைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். உங்கள் விஷயத்தில் அசைந்திருப்பது பெரும்பாலும் கழுத்து இல்லை, முன்பலகை. சாலிட் பலகை ஈரத்தைக் குடித்தால் நார் ஓடும் திசையில் நீளாது, குறுக்கேதான் விரியும். ஓரமெல்லாம் பசை போட்டு ஒட்டியிருப்பதால் பக்கவாட்டில் போக இடமில்லை, அதனால் மேல்நோக்கி வயிறு தள்ளுகிறது. கம்பியின் அடிமுனையைத் தாங்கும் பிரிட்ஜ் அந்த வயிற்றின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது, அது உயர்ந்தால் கம்பியும் உயரத்தான் செய்யும். 12–53 செட் ஸ்டாண்டர்ட் ட்யூனிங்கில் மொத்தம் 70 கிலோவுக்கு மேல் இழுக்கிறது என்பதையும் கணக்கில் வையுங்கள். ஈரம் ஏறிய பலகை அந்த இழுவைக்குச் சீக்கிரம் வளைந்துகொடுக்கும். சத்தம் மங்கியதற்கும் இதுதான் காரணம், பலகை கனத்துவிட்டது.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். ஒரு அடி ஸ்டீல் ஸ்கேலை பிரிட்ஜுக்குப் பின்னால் பலகையின் குறுக்கே நிற்க வையுங்கள். இரண்டு பக்கமும் லேசாக ஆடினால் பயப்பட ஒன்றுமில்லை, செய்யும்போதே கொஞ்சம் குவிவு கொடுத்துத்தான் செய்கிறார்கள். நிறைய ஆடினால் வயிறுதான். அடுத்து கழுத்து. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (கம்பிகளை அமுக்கும் கிளிப்) போட்டு, கழுத்து உடம்போடு சேரும் 14-வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியை அமுக்கிப் பிடித்து, 7-வது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே ஒரு விசிட்டிங் கார்டை நுழையுங்கள். கார்டு கம்பியைத் தூக்காமல் உரசிக்கொண்டே போனால் இடைவெளி 0.25 மி.மீ. பக்கம் இருக்கிறது, கழுத்தில் குறை ஒன்றும் இல்லை, ராடைத் தொட வேலையே இல்லை. கடைசியாக, பிரிட்ஜின் பின் விளிம்பில் மெல்லிய தாள் ஒன்றைச் செருகிப் பாருங்கள். தாள் உள்ளே போனால் பசை விட ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம், அன்றைக்கே கம்பியைத் தளர்த்திவிட்டு ரிப்பேர்காரரிடம் கொண்டு போய்விடுங்கள்.

கிட்டார் செய்பவர்கள் கேட்கும் ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம் வரை. உங்கள் ஏரியாவில் கார்த்திகை மாதத்தில் அது எங்கே கிடைக்கும்? சுவர்க் கொக்கியைத் தை மாதம் வரை மறந்துவிடுங்கள், கிட்டார் பெட்டிக்குள் போகட்டும். நல்ல ஹார்ட் கேஸ் இருந்தால் உத்தமம், இல்லையென்றால் தடித்த கிக் பேக். ஈரப்பதம் காட்டும் சின்ன ஹைக்ரோமீட்டர் ஒன்று வாங்கி உள்ளே போடுங்கள், ஆனால் அது காட்டும் எண்ணை அப்படியே நம்பிவிடாதீர்கள். தண்ணீர் பாட்டில் மூடியில் உப்பு போட்டு, கரையாமல் சேறு மாதிரி ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விட்டு, மீட்டரோடு சேர்த்து ஒரு ஜிப் கவரில் மூடி ராத்திரி முழுக்க விட்டுவிடுங்கள். காலையில் 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் உங்கள் மீட்டர் 5 குறைவாகச் சொல்கிறது, இனிமேல் கூட்டிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஈரத்தை இழுக்க, பெட்டிக்குள் 49 சதவீத டூ-வே பாக்கெட் (ஈரத்தை இழுக்கவும் விடவும் செய்வது) போடலாம். நம் ஊர் மழைக்காலத்தில் அது சீக்கிரம் ஊதிப்போய்விடும், செலவு. நான் ஆரஞ்சு நிற சிலிக்கா ஜெல்லை ஓட்டை போட்ட சோப்பு டப்பாவில் கொட்டி, துணியில் சுற்றி, கழுத்துக்கு அடியில் வைக்கிறேன். பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் காய வைத்தால் மறுபடி ஆரஞ்சாகிவிடும். அது பாட்டுக்கு இழுத்துக்கொண்டே இருக்கும் சாமான், எங்கே நிறுத்த வேண்டும் என்று அதற்குத் தெரியாது. 45-க்குக் கீழே போனால் டப்பாவை வெளியே எடுத்துவிடுங்கள். ரொம்பக் காய்ந்த கிட்டாரில் பலகை வெடிக்கும், அது வயிறு தள்ளுவதைவிடப் பெரிய தலைவலி.

ராத்திரி ஏ.சி., பகலில் ஜன்னல் திறப்பு என்று இருக்கும் அறையில் வெளியே வைக்காதீர்கள். தினமும் ஏறி இறங்குவது பலகைக்கு நல்லதில்லை.


மொட்டைமாடி:

ஆறுகம்பி அண்ணன் மரத்தைப் பார்த்துக்கொண்டார், நான் மைக்குக்கு வருகிறேன். இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

ஜி கார்டில்தான் மோசம் என்று எழுதினீர்களே, அதிலேயே விடை இருக்கிறது. வாய் திறந்த சோடா பாட்டிலில் ஊதினால் ஒரே சுருதியில் 'பூம்' என்று வருமே, கிட்டார் பெட்டியும் அதன் ஓட்டையும் அதே வேலையைத்தான் செய்கின்றன. ட்ரெட்நாட் அளவுப் பெட்டிக்கு அந்தச் சுருதி ஏறக்குறைய 100 ஹெர்ட்ஸ் பக்கம் விழும். ஆறாவது கம்பியில் மூன்றாவது ஃப்ரெட், அதாவது ஜி கார்டின் அடி ஸ்வரம், 98 ஹெர்ட்ஸ். நீங்கள் ஜி அடிக்கும்போதெல்லாம் பெட்டிக்குள் இருக்கும் காற்று சேர்ந்து பாடுகிறது, அந்தக் காற்று வெளியே வரும் வாசலிலேயே மைக்கை வைத்திருக்கிறீர்கள். போதாததற்கு கார்டியாய்ட் மைக் (முன்னால் வரும் சத்தத்தை அதிகம் பிடிக்கும் வகை) எதுவானாலும் பக்கத்தில் கொண்டுபோகக் கொண்டுபோக பேஸை, அதாவது கீழ்ச்சுருதியை, தானாகவே கூட்டும். இரண்டும் சேர்ந்தால் லட்ச ரூபாய் மைக்கிலும் 'டும்'தான் கேட்கும்.

மைக்கை ஓட்டையில் இருந்து நகர்த்தி, கழுத்து உடம்போடு சேரும் இடத்தைப் பார்த்த மாதிரி ஒரு அடி தள்ளி வையுங்கள். 12-வது ஃப்ரெட் என்று எல்லோரும் சொல்வார்கள், அது ஆரம்பப் புள்ளி மட்டும்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, யாரையாவது வாசிக்கச் சொல்லி, மைக்கைக் கையில் பிடித்து மெதுவாக நகர்த்திப் பாருங்கள். நான்கு விரல் அகலம் நகர்ந்தாலே வேறு கிட்டார் மாதிரி கேட்கும். வாசிக்க ஆள் இல்லையென்றால் மைக்கை ஸ்டாண்டில் நிறுத்திவிட்டு நாற்காலியை நகர்த்துங்கள். எனக்கு ரொம்பப் பிடித்த இன்னொரு இடம் உண்டு. வலது காதுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலே இருந்து கீழே பார்க்கிற மாதிரி வைப்பது. வாசிக்கிறவன் காதில் என்ன விழுகிறதோ கிட்டத்தட்ட அதுவே பதிவாகும், 'நேரில் நன்றாக இருந்ததே' என்ற ஆதங்கம் பாதி தீர்ந்துவிடும். மூச்சை மட்டும் கொஞ்சம் அடக்க வேண்டும்.

மைக்கைத் தள்ளி வைத்தால் அறை உள்ளே வரும். நம் வீடுகளில் டைல்ஸ் தரை, பூச்சுச் சுவர், கான்கிரீட் கூரை, எல்லாமே எதிரொலி. அறை நடுவில் நின்று ஒரு தட்டுத் தட்டுங்கள், 'ட்ர்ர்ங்' என்று ஒரு வால் கேட்கும். அந்த வாலை வெட்ட ஸ்டூடியோ ஃபோம் வாங்க வேண்டியதில்லை, ஒட்டி வைக்கும் மெல்லிய ஃபோம் பேஸை ஒன்றும் செய்யாது. படுக்கையறைக்குப் போங்கள். இலவம்பஞ்சு மெத்தை இருந்தால் உங்கள் முதுகுக்குப் பின்னால் சுவரில் சாய்த்து நிறுத்துங்கள், தரையில் ஜமுக்காளம், புடவை அலமாரிக் கதவு இரண்டையும் திறந்து வைத்து அதைப் பார்த்து உட்காருங்கள். வீட்டில் உள்ளவர்கள் கேள்வி கேட்பார்கள், அதற்கு நான் பொறுப்பில்லை. மூலையில் மட்டும் உட்காராதீர்கள், மூலை பேஸைக் கூட்டும்.

ஃபேனை நிறுத்தித்தான் ஆக வேண்டும், வேறு வழி கிடையாது. சத்தத்தை அப்புறம் சாஃப்ட்வேரில் எடுத்துவிடலாம் என்பார்கள். ஆனால் ஃபேனின் இறக்கைகள் கிட்டார் சத்தத்தையே வெட்டி வெட்டித் திருப்பி அனுப்பும், அந்த நடுக்கத்தை எந்த சாஃப்ட்வேரும் சுத்தமாக எடுக்காது. ஏ.சி.யை முன்னதாகப் போட்டு அறையைக் குளிர வைத்து, நிறுத்திவிட்டுப் பதிவு செய்யுங்கள். லேப்டாப் சார்ஜரையும் கழற்றிவிடுங்கள், 'ங்ங்' என்று ஒரு முனகல் இருந்தால் பாதி நேரம் அதுதான் காரணம். இன்வெர்ட்டரில் ஓடும்போது பதிவு செய்யாதீர்கள். சட்டைப் பொத்தான் கிட்டார் முதுகில் உரசுவது, நாற்காலி கிறீச்சிடுவது, இதெல்லாம் வாசிக்கும்போது காதில் விழாது, பிளேபேக்கில் இடி மாதிரி கேட்கும். டி-ஷர்ட் போட்டு மர ஸ்டூலில் உட்காருங்கள்.

லெவலை 24 பிட்டில் வைத்து, பலமாக அடிக்கும் இடத்தில் மைனஸ் 12 டெசிபல் தொடும்படி வைத்தால் போதும், சிவப்பு வரை ஏற்ற வேண்டியதில்லை. மிக்ஸில் 70 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிடுங்கள். ஆறாவது கம்பி திறந்த ஈ 82 ஹெர்ட்ஸ், அதற்குக் கீழே இருப்பதெல்லாம் லாரியும் மோட்டாரும்தான். 'டும்' இன்னும் மிச்சம் இருந்தால் 100 பக்கத்தில் மூன்று டெசிபல் குறையுங்கள். அதற்கு மேல் ஈக்யூ (இப்படிச் சுருதிவாரியாகக் கூட்டிக் குறைப்பது) தேவைப்பட்டால் மைக் இடம் இன்னும் சரியில்லை என்று அர்த்தம். ஆடாசிட்டி சாஃப்ட்வேர் இலவசம், இந்த வேலைக்கு அது தாராளம்.


ஞாயிறு_குயர்:

எல்லோரும் மைக் மைக் என்கிறீர்கள். நான் தூத்துக்குடி, சர்ச் குயரில் வாசிக்கிறேன், எங்கள் ஊர் உப்புக் காற்றுக்கு முன்னால் திருவான்மியூர் எல்லாம் ஒன்றுமே இல்லை. என் கிட்டார் முழுக்க லாமினேட், பிளை மரம், பிரிட்ஜ் மேல் கம்பி உட்காரும் சேடிலுக்கு அடியில் பியஸோ பிக்கப். ஆராதனை முடிந்தால் துணி போட்டு மூடுவேன், அவ்வளவுதான் பராமரிப்பு. ஐப்பசியும் தெரியாது, சித்திரையும் தெரியாது. இவ்வளவு ஹைக்ரோமீட்டர், உப்பு, சிலிக்கா என்று கிட்டாரை ஐ.சி.யூ.வில் வைத்துப் பார்த்துக்கொள்வதைவிட அந்த நேரத்தில் வாசித்துவிடலாமே? லாமினேட்டின் சத்தம் சாலிட் அளவுக்குத் திறக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் வாட்ஸ்அப்பில் போடும் ஆடியோவில் அந்த வித்தியாசத்தை எத்தனை பேர் கண்டுபிடிப்பார்கள்?

கம்பி விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். கடற்கரையில் சாதாரண பாஸ்பர் பிரான்ஸ் (வெண்கலம்) கம்பி வியர்வைக்கும் உப்புக்கும் சீக்கிரம் கறுத்துவிடும், கோட்டிங் போட்டது விலை கூடினாலும் கட்டுப்படியாகும். வாசித்து முடித்ததும் பழைய வேட்டித் துணியால் கம்பியின் அடிப்பக்கமும் சேர்த்துத் துடையுங்கள், அழுக்கு அங்கேதான் சேரும். 12–53 இப்போது கஷ்டமாக இருந்தால் 11–52 போடுங்கள், இழுவையும் குறையும், மணிக்கட்டும் தப்பிக்கும்.


மொட்டைமாடி:

அண்ணா, மேடைக்கு நீங்கள் சொல்வதுதான் சரி, அங்கே மைக் வைத்தால் டிரம்ஸும் ஸ்பீக்கரும் சேர்ந்து உள்ளே புகுந்து ஊளையிடும். வீட்டு ரெக்கார்டிங்குக்கு பியஸோ மட்டும் என்றால் ஒத்துக்கொள்ள மாட்டேன். சேடிலுக்கு அடியில் இருக்கும் அந்தப் பட்டை கம்பியின் அழுத்தத்தைத்தான் பிடிக்கிறது, பலகை அசைவதும் பெட்டிக்குள் காற்று ஓடுவதும் அதற்குப் பெரிதாகத் தெரியாது. வேகமாக ஸ்ட்ரம் செய்தால் 'குவாக்' என்று ஒரு நசநசப்பு வருமே, அது அங்கிருந்து வருவதுதான். சிக்னலைப் பெருக்கும் ப்ரீ-ஆம்ப் இல்லாத பியஸோவை லேப்டாப் மைக் ஓட்டையில் செருகினால் இன்னும் ஒல்லியாகிவிடும், அதற்கு ஒரு மெகா ஓம் அளவு இன்புட் வேண்டும், இன்டர்ஃபேஸில் 'இன்ஸ்ட்ருமென்ட்' என்று போட்டிருக்கும் பொத்தான் அதற்குத்தான். பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் பதிவாகாது என்பது மட்டும் பியஸோவுக்கு ஒரு பெரிய பிளஸ்.


ஞாயிறு_குயர்:

குக்கர் விசிலுக்காகவே வாங்கலாம் தம்பி :)


ஈட்டிமரம்:

மரக் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன், கூடலூர்ப் பக்கம் மர வேலைக் குடும்பம்.

கிட்டார் கடைக்காரர் ரோஸ்வுட் என்று சொல்வது பெரும்பாலும் நம் ஊர் ஈட்டி மரம்தான், தோதகத்தி என்றும் சொல்வார்கள். நீலகிரி, வயநாடு, குடகு மலைகளில் வளர்வது. முன்பெல்லாம் பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் பிரேசில் ரோஸ்வுட்டில்தான் செய்தார்கள். 1960களின் இறுதியில் பிரேசில் மரத்தடி ஏற்றுமதியை நிறுத்தியதும் எல்லோரும் நம் ஈட்டிக்கு மாறினார்கள். உலகத்தில் இன்றைக்குப் பாதிப் பேர் தடவிப் பெருமைப்படும் கிட்டார் முதுகு எங்கள் மலையில் இருந்து போனது என்று நான் கொஞ்சம் பெருமையடித்துக்கொள்வது உண்டு. இங்கேயே அந்த மரம் குறைந்துபோய், தமிழ்நாட்டில் ஈட்டியைக் காப்பதற்கென்றே 1994 ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று வந்தது, சொந்தப் பட்டா நிலத்தில் நிற்கும் மரத்தையும் அனுமதி இல்லாமல் வெட்டத் தடை போட்டது.

உங்கள் ஆபீஸ் நண்பர் சொல்வது காற்றில் இருந்து வந்தது இல்லை, பழைய செய்தி. 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதையும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தப் பட்டியலில் சேர்த்தார்கள், அப்போது விற்பனைக்குப் போகும் கிட்டாருக்கெல்லாம் எல்லை தாண்டக் காகிதம் கேட்டு ஒரே ரகளை. 2019 நவம்பரில் இருந்து முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசில் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை, அது 1992-லேயே கடுமையான முதல் பட்டியலுக்குப் போய்விட்டது. மச்சான் வாங்கப்போவது பழங்கால அபூர்வக் கிட்டாராக இல்லாதவரை மரத்துக்காக யாரும் பிடித்து வைக்க மாட்டார்கள். சுங்க வரி வேறு விஷயம், பில்லைக் கையோடு வைத்திருக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. கடையில் ரோஸ்வுட் என்றார்களே, பார்த்தீர்களா? முதுகில் தெரியும் ரேகை ஒன்றை அடையாளம் வைத்துக்கொண்டு, டார்ச் அடித்து ஓட்டை வழியாக உள்ளே அதே இடத்தைப் பாருங்கள். சாலிட் என்றால் அதே ரேகை உள்ளேயும் தொடரும். உள்ளே சம்பந்தமில்லாத வெளிறிய மரம் தெரிந்தால் மேலே ஈட்டித் தோல், நடுவில் பிளை. அது மோசடி என்று சொல்லவில்லை, முன்பலகை மட்டும் சாலிட் என்று விற்கும் கிட்டார்களில் பெரும்பாலானவை இப்படித்தான். சொல்லப்போனால் உங்கள் வீட்டுக்கு அதுதான் பொருத்தம், முதுகும் பக்கமும் ஈரத்துக்கு அசையாது, ஒரு பலகையை மட்டும் கவனித்தால் போதும். முழு சாலிட் வந்தால் ஆறுகம்பி சொன்ன வேலையெல்லாம் மூன்று மடங்கு. மழைக்கு வயிறு தள்ளும் ஒரு கிட்டாரை வைத்துக்கொண்டு, இன்னும் அதிகமாக அசையும் கிட்டாரை வரவழைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. இந்த ஒன்றை ஒரு மழைக்காலம் ஒழுங்காக வைத்துப் பாருங்கள், பிறகு வாங்கலாம்.

அப்படியும் மச்சான் வாங்கித்தான் தருவேன் என்று அடம் பிடித்தால் ட்ரெட்நாட் வேண்டாம் என்று சொல்லுங்கள். 1916-இல் மார்ட்டின் கம்பெனி செய்து கொடுத்த அந்த வடிவத்துக்கு பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை வைத்ததே அதன் பெரிய உடம்பைப் பார்த்துத்தான். கூட்டத்தில் பாட்டுக்குப் பக்கவாத்தியமாக அடிக்க அது நன்றாக இருக்கும். படுக்கையறையில் விரலால் மீட்டிப் பதிவு செய்ய இடுப்பு ஒடுங்கிய ஓ.எம். அளவு போதும், 'டும்' தொல்லையும் குறையும்.


திருவான்மியூர்_வாசி:

எல்லோருக்கும் நன்றி. கொஞ்ச நாள் கழித்து வருகிறேன், சொன்னதை எல்லாம் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று இருந்தேன்.

தாள் பிரிட்ஜுக்கு அடியில் போகவில்லை, பெரிய நிம்மதி. விசிட்டிங் கார்டு உரசிக்கொண்டு போனது, ராடைத் தொடவில்லை. ஹைக்ரோமீட்டர் உப்புக் கவருக்குள் 71 காட்டியது. அப்படியானால் ஹாலில் அது காட்டிய 80 நிஜத்தில் 84. கிட்டார் இப்போது பெட்டிக்குள், சோப்பு டப்பாவும் உள்ளே, கூட்டிப் படித்தால் 52 பக்கம் நிற்கிறது. முதலில் 12-வது ஃப்ரெட்டில் ஆறாவது கம்பியின் உயரம் 3.3 மி.மீ. இருந்தது, இப்போது 2.8. எஃப் கார்டு பழையபடி வருகிறது. டார்ச் அடித்துப் பார்த்ததில் உள்ளே வெளிறிய மரம்தான், ஈட்டிமரம் சார் வாக்கு பலித்தது.

ரெக்கார்டிங்கில் காதுக்குப் பக்கம் வைத்த மைக் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை, என் மூச்சு ரொம்பவே கேட்கிறது. கழுத்து சேரும் இடத்தைப் பார்த்து, மைக்கை லேசாக ஓட்டைக்கு எதிர்ப்பக்கம் திருப்பி வைத்ததும் ஜி கார்டு மற்ற கார்டுகளோடு சேர்ந்துகொண்டது. புடவை அலமாரியைத் திறந்து வைத்து அதன் முன்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன், பையன் போட்டோ எடுத்துக் குடும்ப குரூப்பில் போட்டுவிட்டான். மச்சானிடம் இந்த முறை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன், அந்தக் காசுக்குப் பெரியவளுக்கு ஒரு டேப்லெட் வருகிறது.

இரண்டு சந்தேகம். ஒன்று, ஸ்டீரியோவாக அகலமாகக் கேட்க இரண்டாவது மைக் வேண்டுமா? இன்னொன்று, 2.8-ஐ 2.4-க்குக் கொண்டுவர சேடிலைத் தேய்க்கலாமா?


மொட்டைமாடி:

இரண்டாவது மைக் வேண்டாம். அதே பாட்டை இரண்டு தடவை வாசித்து, ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமும் தள்ளுங்கள். ஒரே டிராக்கை நகல் எடுத்துத் தள்ளினால் அகலம் வராது, நிஜமாகவே இரண்டு தடவை வாசிக்க வேண்டும், கைக்குக் கை இருக்கும் சின்னச் சின்ன வித்தியாசத்தில்தான் அகலம் வருகிறது. இரண்டாவது டிராக்கை கேப்போ போட்டு வேறு கார்டு வடிவத்தில் வாசித்தால் இன்னும் நன்றாக இருக்கும். தாளம் பிசகாமல் இருக்க க்ளிக் போடுவீர்கள் அல்லவா, காதை முழுக்க மூடும் ஹெட்போனில் போடுங்கள், திறந்த மாடலில் இருந்து 'டிக் டிக்' ஒழுகி மைக்கில் ஏறிவிடும்.


ஞாயிறு_குயர்:

சேடிலைத் தேய்த்துவிடுங்கள், இதில் யோசிக்க என்ன இருக்கிறது? 12-வது ஃப்ரெட்டில் 0.4 குறைய வேண்டுமானால் சேடிலில் 0.8 எடுக்க வேண்டும், இரண்டு மடங்குக் கணக்கு.


ஆறுகம்பி:

கணக்கு சரி, நேரம்தான் சரியில்லை. இப்போது 52-இல் 2.8 நிற்கும் கிட்டார், பங்குனி, சித்திரையில் ஏ.சி. ஓடும் அறையில் 45-க்கு இறங்கினால் பலகையும் கொஞ்சம் இறங்கும். இன்றைக்குத் தேய்த்துவிட்டால் அப்போது கம்பி ஃப்ரெட்டில் பட்டு 'ஜிர்ர்' என்று அடிக்கும், தேய்த்து எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. இருக்கும் சேடிலை அப்படியே விட்டுவிட்டு, அதே நீளம், அதே தடிமனில் எலும்புச் சேடில் இன்னொன்று வாங்கி அதைத் தேயுங்கள். மழைக்கு ஒன்று, வெயிலுக்கு ஒன்று, கம்பி மாற்றும் நாளில் மாற்றிக்கொள்ளலாம். தேய்ப்பது அடிப்பக்கம் மட்டும், மேலே இருக்கும் வளைவைத் தொடாதீர்கள். 220 நம்பர் உப்புத்தாளைக் கண்ணாடி மேல் ஒட்டி, சேடிலில் பென்சில் கோடு போட்டு, செங்குத்தாகப் பிடித்து மெதுவாக. கோட்டுக்கு ஒரு மயிரிழை முன்னாலேயே நிறுத்திப் பொருத்திப் பாருங்கள். அடி சமமாக இல்லாவிட்டால் என்றைக்காவது பிக்கப் போடும்போது ஒரு கம்பி மட்டும் சத்தம் குறைந்து கேட்கும்.